திருபுவனையில் 260 பேர் படித்தார்கள், நாங்கள் கோவா போகிறோம்

ஃபைனல் இயர் டூர் எங்கே போவது என்று கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் ஓட்டெடுப்பு. கோவா, கூர்க், கொடைக்கானல். மூணுமே க வரிசை, அதைத் தாண்டி யோசிக்க ஆளில்லை. நடுவில் ஒருத்தன், "பேசாம ஜப்பான் போலாம் மச்சி, கியோட்டோல அந்தக் கோவிலெல்லாம் ஒரு தடவை பாத்துரணும்" என்று போட்டான். ஹார்ட்டு ஹார்ட்டா குவிஞ்சுது. நான் சும்மா இருக்காமல், "ஜப்பானுக்குக் காசு சேர்ற வரைக்கும் திருபுவனை கோவிலைப் பாக்கலாமா? காலேஜ் பஸ் போற வழிதான்" என்று கேட்டேன். மூணு பதில் வந்தது. "அங்க என்ன இருக்கு?" "சாமி கும்பிடவா டூர்?" "நீ எப்ப பக்திமான் ஆன?"

குரூப்பில் பதில் சொன்னால் நாலு ஸ்டிக்கரோடு முடிந்துபோகும். அதனால் இங்கே, கொஞ்சம் நீளமாகவே சொல்லிக்கறேன்.

முதலில் இந்த ஜப்பான் ஆசை. அதோடு எனக்குச் சண்டையே இல்லை. 'யுவர் நேம்' படத்தில் (2016) வருகிற படிக்கட்டு டோக்கியோவில் சுகா ஜின்ஜா என்ற கோவில் பக்கத்தில் நிஜமாகவே இருக்கிறது என்று எங்கள் கிளாஸில் பாதிப் பேருக்குத் தெரியும். புஷிமி இனாரியில் மலை ஏறுகிற வழியெல்லாம் சிவப்பு வாசல் வாசலாக நிற்பது தெரியும். ஜின்ஜா என்றால் ஷிந்தோ கோவில், தேரா என்றால் புத்தர் கோவில் என்று பிரித்துச் சொல்லக்கூட ஆள் இருக்கு. ரொம்ப சந்தோஷம்.

ஆனால் இந்த மக்கா ஒரு விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. பள்ளிக்கூடக் கதையாக இருக்கிற அனிமே எதை எடுத்தாலும், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் கூட்டமாக ரயிலேறி கியோட்டோ போகிற எபிசோட் ஒன்று எப்படியும் வந்துவிடும். அது கதை எழுதுகிறவர் கற்பனை இல்லை. அதற்கு அங்கே சுகாகு ரியோகோ என்று பெயர். படிப்புப் பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். 1886இல் டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்களைப் பல நாள் நடத்தியே கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கிருந்துதான் இந்த வழக்கத்தின் கதையை ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு அதில் ராணுவ டிரில்லும் சேர்த்தி. இன்றைக்கு டிரில் போய்விட்டது, பயணம் நிற்கிறது. கியோட்டோவும் நாராவும் இதற்கென்றே பேர் போன ஊர்கள்.

நாராவில் தோதாய்ஜி கோவில். பெரிய புத்தர் இருக்கிற மண்டபத்தில் ஒரு மரத்தூணின் அடியில் ஒரு ஓட்டை. அதில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வர பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். வந்துவிட்டால் நல்லது நடக்குமாம் (நம்ம பக்கம் சும்மாவா, கண்ணை மூடிக்கொண்டு நடந்து சுவரில் விரல் வைக்கிற கூட்டம்தானே நாமும்). பக்கத்திலேயே ஹோரியூஜி, உலகத்தில் இன்னும் நிற்கிற மரக் கட்டடங்களில் மிகப் பழையவை அங்கே. அந்தப் பிள்ளைகள் எல்லாம் பக்திமான்களா? பாதிப் பேர் ராத்திரி தலையணைச் சண்டைக்காகவே போகிறார்கள், அதுவும் அனிமேயில் வரும். ஆனால் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் தன் நாட்டின் பழைய கட்டடம் ஒன்றின் முன்னால் நின்று, ஒரு வாத்தியார் அதைப் பற்றிச் சொல்வதை ஒரு தடவை காதில் வாங்கியிருப்பான். தூங்கிக்கொண்டே வாங்கியிருந்தாலும் வாங்கினது வாங்கினதுதான்.

இப்ப நம்ம ரோட்டுக்கு வருவோம்.

பாண்டியிலிருந்து வில்லியனூர் வழியாக விழுப்புரம் போகிற சாலை. கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் மூணு சோழர் காலத்துக் கோவில்கள்: திருவாண்டார்கோவில், திருபுவனை, மதகடிப்பட்டு. மூணுமே மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். திருவாண்டார்கோவில்தான் தேவாரத்தில் வருகிற வடுகூர், சம்பந்தர் பாடிய தலம். மதகடிப்பட்டில் இருப்பது குண்டாங்குழி மகாதேவர், முதலாம் ராஜராஜன் காலத்துக் கல் கட்டடம். தஞ்சாவூர் பெரிய கோவில் கட்டினாரே, அதே ராஜராஜன்தான்.

திருபுவனைதான் விஷயம். ஊர்ப் பெயரே திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்பதன் மிச்சம். இங்கே 1048ஆம் ஆண்டு, முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. கல்வெட்டில் கணக்கு இருக்கு. மாணவர்கள் 260 பேர், ஆசிரியர்கள் 12 பேர். வேதங்களில் எதை எத்தனை பேர் படிக்கிறார்கள், வியாகரணம் யார், பாரதமும் ராமாயணமும் யார் என்று பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்களும் படிப்பவர்களும் ஊர் வாரியங்களில் வேலை பார்க்க வேண்டாம் என்று விலக்கும் உண்டு. அதாவது, படிக்கிற பையனைக் கமிட்டி வேலைக்கு இழுக்காதே என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் காலேஜில் சிம்போசியம் வந்தால் ரெண்டு வாரம் சேர் தூக்குகிறோம்!

260ஐ 12ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒரு ஆசிரியருக்கு 22 பேர் கூட இல்லை. எங்கள் கிளாஸில் 64 பேர். என்ன கொடுமை சார் இது.

இது ஏதோ தனியாக முளைத்த ஒண்ணு என்றும் நினைக்க வேண்டாம். விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரி. அதற்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் நம்ம பாகூரில் ஒரு வித்யாஸ்தானம். அதற்கு மூணு ஊர்களை மானியமாகக் கொடுத்த செப்பேடுகள் கிடைத்திருக்கின்றன. பாண்டியை 'எஜுகேஷன் ஹப்' என்று ஃபிளெக்ஸ் அடிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் ஒண்ணு கிடைக்குமா? ஆனால் ஃபிளெக்ஸில் இருப்பது கண்ணாடிக் கட்டடமும் லேப்டாப்போடு சிரிக்கிற மாடலும்தான். அந்த மாடலும் நம்ம ஊர் பொண்ணு இல்லை.

தினமும் காலையில் இந்தச் சாலையில் எத்தனை காலேஜ் பஸ் போகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். இஞ்சினியரிங், மெடிக்கல், நர்சிங், ஆர்ட்ஸ் என்று மஞ்சள் பஸ்ஸாகப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் காதில் ஹெட்போன். அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? "இதோ, இந்த ஊரில்தான் உனக்கு முன்னால் 260 பேர் படித்தார்கள்" என்று எந்த வாத்தியாரும் ஜன்னலுக்கு வெளியே கை காட்டவில்லை.

போன மாசம் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூணு பேர் போய்விட்டு வந்தோம். கோவிலைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் போன முதல் பயணம் அதுதான். வேண்டுதல் இல்லை, கல்யாணம் காதுகுத்து இல்லை, பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகும் டியூட்டியும் இல்லை. மூணு பேரில் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சம்பா கோவிலுக்குப் போகிறவள். திருபுவனையில் இறங்கி நடந்தோம். வெயில் ஏறாத நேரம். சந்நிதிக்குள் போவதற்கு முன்னால் நான் சுவரைத்தான் பார்த்தேன், அடியிலிருந்தே எழுத்து. பக்கத்தில் போய்ப் பார்த்தால் முதலில் வெறும் கீறல் மாதிரிதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே இருந்தால் ஒரு ட தெரிகிறது, ஒரு ப தெரிகிறது. எழுத்துக்கு மேல் புள்ளி கிடையாது, வார்த்தைக்கு நடுவில் இடம் கிடையாது. எங்களில் முதலில் ஒரு வார்த்தையை முழுசாகக் கண்டுபிடித்தது அந்தச் சம்பா கோவில்காரிதான். "ஏய், இது 'ஸ்ரீ' தானே?" என்று கத்தினாள். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்றுதான் கல்வெட்டுகள் ஆரம்பிக்கும். அதற்கப்புறம் அரை மணி நேரம் மூணு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம், பல்லி மாதிரி.

ஒரு பெரியவர் வந்து பார்த்தார். "என்ன தம்பி, ரிசர்ச்சா?"

"இல்லீங்க ஐயா, இஞ்சினியரிங் படிக்கிறோம்."

"அப்ப வேண்டுதலா?"

"இல்லீங்க. சும்மா பாக்க வந்தோம்."

"சும்மாவா?" என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் அனுபவத்தில் கோவிலுக்கு வருகிறவர் ரெண்டு ஜாதி. சாமி கும்பிட வருகிறவர், முனைவர் பட்டத்துக்கு வருகிறவர். பார்த்துத் தெரிந்துகொள்ள வருகிற சாதாரண மாணவன் என்று மூணாவதாக ஒரு வகை நம்ம ஊரில் கிடையாது. நாராவில் அந்தத் தூணுக்குள் நுழைந்து வருகிற பிள்ளைகள் எல்லாருமே அந்த மூணாவது வகை.

இதைக் காலேஜில் கேட்டுப் பார்த்தேன். இண்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் நாம் என்ன செய்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஊட்டியில் சாக்லேட் ஃபேக்டரியை அரை மணி நேரம், மற்ற மூணு நாள் போட்டிங். அது பரவாயில்லையாம். ஒரே ஒரு நாள் மூணு கோவிலைச் சுற்றிவர பஸ் கேட்டால், "அதெல்லாம் ரிலிஜியஸ்பா, பர்மிஷன் கிடைக்காது" என்று பதில். சரி சார். அப்புறம் ஏன் சார் ஆயுத பூஜைக்கு லேத் மிஷினுக்குச் சந்தனம் பூசி, பொரிகடலை கொடுத்து, அட்டெண்டன்சும் எடுக்கிறீர்கள்? லேத்துக்குக் குங்குமம் வைத்தால் படிப்பு, கல்வெட்டைப் படித்தால் மதமா? வில்லியனூர் தேரோட்டத்தில் கவர்னர் வந்து வடம் பிடிக்கிறார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர்கள் கவர்னர் பிடித்த வழக்கம், இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் வரைக்கும் தொடர்கிறது. கவர்னர் தேர் இழுக்கலாம், மாணவன் சுவரைப் பார்க்கக் கூடாது.

இன்னொரு பக்கத்திலிருந்து வருகிற கேள்வி இதைவிடக் கனமானது. ஹாஸ்டலில் ஒரு நண்பன் கேட்டான். "அந்த 260 பேர்ல உங்க தாத்தாவோட தாத்தா இருந்திருப்பாரா? எங்க தாத்தாவை அந்தத் தெருவுக்குள்ள விட்டிருப்பாங்களா? அப்புறம் என்னடா பெருமை?"

நியாயமான கேள்வி. அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். வேதம் படித்தவர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாடப் பட்டியலில் மனு சாஸ்திரமும் இருக்கிறது. நிலத்தை உழுது நெல் கொண்டுவந்து கொட்டினவர்களின் பிள்ளைகள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. நான் பெருமைப்படச் சொல்லவே இல்லை. தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். யாருடைய நெல், யாருடைய படிப்பு என்ற கணக்கைப் போடுவதற்கு முதல் ஆதாரமே அந்தச் சுவர்தான். அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்றால், 'எல்லாம் பொற்காலம்' என்று ஃபார்வர்டு அனுப்புகிறவன் சொல்வதுதான் வரலாறாக நிற்கும். அவன் அந்தச் சுவரைப் படித்திருக்க மாட்டான், நாமும் படித்திருக்க மாட்டோம், ரெண்டு பேரும் சண்டை மட்டும் போடுவோம். நண்பனிடம் இதைச் சொன்னேன். "சரி, அடுத்த தடவ போறப்ப கூப்டு, சண்ட போடறதுக்காவது வரேன்" என்றான்.

அப்புறம் நம்ம ஒயிட் டவுன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மஞ்சள் சுவர் முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, க்ரோசான் சாப்பிட்டுவிட்டு, "பாண்டி பார்த்தாச்சு" என்று கிளம்புகிறார்கள். பிழைப்புக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரர்களான நாமும் ஊரை அப்படியே பார்க்கப் பழகிவிட்டோம். அந்தப் பிரெஞ்சுக் கதையையாவது ஒழுங்காகத் தெரிந்து வைத்திருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் துய்ப்ளேக்ஸ் சிலை நிற்கிறது, எல்லாரும் செல்ஃபி எடுத்திருப்போம். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர்கள் ஊரை முற்றுகை போட்டிருந்த நேரத்தில், அந்த துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்தபோதுதான் பழைய வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. இன்றைய சம்பா கோவிலை ஒட்டிய இடம். அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அதை டயரியில், தமிழில், எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு இருக்கிற வேதபுரீசுவரர் கோவில் அதற்கப்புறம் வேறு இடத்தில் எழும்பியது. இதை யார் மேலாவது பழி தீர்க்கச் சொல்லவில்லை. இருநூற்று எழுபது வருஷத்துக்கு முந்தைய உத்தரவுக்கு, இன்றைக்கு அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்? நடந்ததை நடந்தபடி, அந்தத் தெருவிலேயே நின்று, கூடப் படிக்கிறவர்களோடு சேர்ந்து தெரிந்துகொண்டால் இதை வைத்து யாரும் நம்மைத் தூண்டிவிட முடியாது.

"ஜப்பான்காரன் பொறுப்பானவன், நமக்கு அதெல்லாம் வராது" என்று சொல்கிற சோம்பேறிகளுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் பிறக்கும்போதே பொறுப்போடு பிறக்கவில்லை. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்ததும் ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அதைச் சாக்காக வைத்து நாடு முழுக்க புத்தர் கோவில்களை இடித்தார்கள், சிலைகளை உடைத்தார்கள், விற்றார்கள். அப்புறம் புத்தி வந்து 1897இல் பழைய கோவில்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டார்கள். 1949இல் அந்த ஹோரியூஜியிலேயே தீப்பிடித்து பழைய சுவரோவியங்கள் கருகின. அடுத்த வருஷமே, 1950இல், இன்னும் பெரிய சட்டம். அடிபட்டு அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

நம்ம கதை வேற மாதிரி. பிரிட்டிஷ் இந்தியாவில் புராதனச் சின்னங்களுக்கு 1904இல் சட்டம் வந்தபோது பாண்டி பிரெஞ்சுக்காரர் கையில். ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1, சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அதனால் எல்லாமே இங்கே லேட்டு என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது சாமி, இன்னும் எத்தனை நாள் அதையே சொல்வது?

சுகாகு ரியோகோவிலும் எல்லாம் நல்லதில்லை. போருக்கு முந்தின வருஷங்களில் அதே பள்ளிப் பயணங்களை இசே கோவிலுக்குத் திருப்பி, பிள்ளைகள் மனதில் பேரரசர் பக்தியை ஏற்றினார்கள். அதன் முடிவு எங்கே போய் நின்றது என்று உலகத்துக்கே தெரியும். அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம். பஸ்ஸில் கோஷம் போட்டுக்கொண்டு போகிற டூர் என்றால் முதலில் இறங்கிவிடுகிறவன் நான்தான். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒரு ஆள் கூட வரணும், கேள்வி கேட்டால் பதில் சொல்லணும், கும்பிடுகிறவன் கும்பிடட்டும், கும்பிடாதவனை யாரும் முறைக்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஆள் கிடைக்காது என்ற சாக்கும் செல்லாது. புதுச்சேரி மாநிலத்துக் கல்வெட்டுகளை பாகூர் எஸ். குப்புசாமி என்ற நம்ம ஊர்க்காரர் தேடித் தேடித் தொகுத்தார். கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்தார். 2006இல் பாண்டியிலேயே புத்தகமாக வந்தது. வெளியிட்டது யார் தெரியுமா? இங்கே இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள். நாம் பிரெஞ்சுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் நம்ம சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கோவா போகிறவர்கள் போய்விட்டு வாருங்கள், கடல் எல்லா ஊரிலும் நல்லாத்தான் இருக்கும். திருபுவனை வருகிறவர்களுக்குச் சில விவரம். பாண்டி பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் எது கிடைத்தாலும் ஏறலாம், ஆனால் இந்த ஊர்களில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூணு ஊரும் ஒரே ரோடு, ஒரு காலை போதும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சீக்கிரம் கிளம்பணும். ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும். எழுத்து தெரிவதற்காக மாவு, சாக்பீஸ், சுண்ணாம்பு எதையும் தேய்த்துவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்த மாதிரி இடங்களின் வாசல் பலகையில் மற்றதைத் தேடித்தான் பிடிக்கணும், தண்டனையை மட்டும் நல்லா கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்.